தொடமாட்டேன் என்ற கார் சீட்டு

குஷனக்காவின் கடையில் வண்டி சீட்டைக் கொண்டுபோய்ப் போட்டால், அவள் முதலில் உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டாள். சீட்டைத்தான் பார்ப்பாள். உள்ளங்கையை வைத்து ஓர் அமுக்கு, முட்டியால் ஒரு தட்டு. அப்புறம்தான் நிமிர்வாள். "பர்ஸை பின் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டு ஓட்டுறீங்களா? இடுப்பு ஒரு பக்கமா இறங்கியிருக்கு பாருங்க," என்பாள். வந்தவர் முகத்தில் அசடு வழியும். கை தானாகப் பின் பாக்கெட்டுக்குப் போகும்.

இந்த வித்தையால் அவள் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. பெண்டாட்டியோடு வந்த ஒருவரிடம், "உங்க பக்கத்து சீட்டுல ஒரு சின்னப் பொண்ணுதான் தினமும் உட்காருது போல, இந்தம்மா வெயிட்டுக்கு இந்தப் பள்ளம் பத்தாதே," என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் கடை வாசலிலேயே தீபாராதனை காட்டிவிட்டார். குஷனக்காவுக்கு அதில் வருத்தமே இல்லை. உள்ளதைத்தானே சொன்னேன் என்பது அவள் கட்சி. மனுஷன் பொய் சொல்வான், அவன் உட்கார்ந்த சீட்டு சொல்லாது என்று அடித்துச் சொல்வாள்.

அவளுக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. மகளின் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதோடு அது ஓய்ந்துபோயிற்று. டயர் கடைக்கும் மெக்கானிக் ஷெட்டுக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு நின்ற அந்தக் கடை முன்பக்கம். பின்னால் ஒரே ஓர் அறை, அதுதான் வீடு. கடையிலிருந்து வீட்டுக்குப் போக ரெக்சின் சுருள்களையும் ஃபோம் பலகைகளையும் தாண்டிக் குதிக்கவேண்டும். நூலை அப்படியே ஊசியில் கோர்க்கமாட்டாள். மெழுகுவத்தித் துண்டில் இழுத்து இழுத்து, விறைப்பாக்கிய பிறகுதான் கோர்ப்பாள். தைத்து முடிக்கும் இடத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, முடிச்சை மடிப்புக்குள் தள்ளி மறைப்பாள். ஊரில் வேறு யாரும் அந்த மூன்றாவது சுற்றைச் சுற்றுவதில்லை. அவர்களுக்குப் பொறுமை கிடையாது.

வாடிக்கையாளர்களிடம் அவள் அடிக்கடி சொல்லும் ஒரு கதை உண்டு. "இத்தனை வருஷத்துல ஒரே ஒரு சீட்டைத்தான் தொடமாட்டேன்னு சொல்லியிருக்கேன். அது எங்க வீட்டு ஆளு ஓட்டின முதலாளி வண்டி சீட்டு. பிரிச்சுப் பாருன்னு என்கிட்டயே வந்து நிக்கிறாரு. தைக்கக்கூட வேணாமாம், பிரிச்சுப் பார்த்தாப் போதுமாம்! திமிரைப் பாத்தீங்களா?" கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்காமல் ஊசியைக் குத்துவாள். கதையின் மீதியை அவள் சொல்வதில்லை என்பதால் நாம் சொல்லிவிடுவோம்.

அவள் கணவர் மரக்கடை முதலாளியிடம் டிரைவர். பேச்சு குறைவு, இடது கைப் பழக்கம், குறட்டை மட்டும் ஊரைக் கூட்டும். அவர் தூங்கினால் கடை ஷட்டர் அதிர்கிறது என்று டயர் கடைக்காரர்கள் கேலி பேசுவார்கள். கைக்குழந்தை அப்போது. குழந்தை திடுக்கிட்டு எழும், அழும், அவள் தூக்கிக்கொண்டு நடப்பாள், விடிந்ததும் சிவந்த கண்ணோடு மெஷினில் உட்காருவாள். ஒரு நாள் ஊசி விரலில் ஏறிவிட்டது. ரத்தம் சொட்டச் சொட்ட அவரிடம் கத்தினாள்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வேற எங்கயாவது போய்ப் படுங்க. நானும் புள்ளையும் ஒரு நாளாவது தூங்குறோம்."

அவர் விரலுக்குத் துணி சுற்றிவிட்டுப் போனார். மறுநாள் காலை வந்து, "முதலாளி வீட்டுல டிரைவருக்குன்னு ஒரு ரூம் ஒழிச்சுக் குடுத்துட்டாங்க. ஃபேன்கூட இருக்கு," என்றார். அவளுக்கு ஏகப் பெருமை. தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதன் பிறகு அவர் இரவுச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுவார். விடிந்ததும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தபடி அவள் நூலுக்கு மெழுகு போடுவதையும் முடிச்சுப் போடுவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். அவளும் குழந்தையும் நன்றாகத் தூங்கினார்கள். அவருக்குத்தான் அடிக்கடி கழுத்துச் சுளுக்கு. தைல டப்பா சட்டைப் பையிலேயே இருக்கும்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, முதலாளி வீட்டு வாட்ச்மேனின் மனைவி சோபா உறை தைக்கக் கொடுக்க வந்தாள். பேச்சுவாக்கில் அந்த ஃபேன் வைத்த அறையைப் பற்றிக் குஷனக்கா விசாரித்தாள்.

"ரூமா? எங்க வீட்டுல ஏதுக்கா டிரைவருக்கு ரூம்? பின்தெரு ஷெட்டுல வண்டியை விட்டுப் பூட்டி, சாவியை எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்காரர் கிளம்பிடுவாரே!"

அவ்வளவுதான். அன்று மாலை அவர் வந்து இறங்கியபோது குஷனக்கா உள்ளே கூப்பிட்டுக் கேட்கவில்லை. தெருவில் வைத்தே பிடித்துக்கொண்டாள். டயர் கடை, மெக்கானிக் ஷெட், டீ குடிக்க வந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். அதில் முதலாளியின் மரக்கடை ஆட்கள் இரண்டு பேரும் இருந்தார்கள்.

"யாரு அவ? எங்க போய்ப் படுக்கிறீங்க தினமும்?"

"அப்படி யாரும் இல்ல."

"அப்ப எங்க படுக்கிறீங்க?"

அவர் கூட்டத்தை ஒரு முறை பார்த்தார். "அதை இங்க வெச்சுச் சொல்ல முடியாது," என்றார். அதுவே ஒப்புதல் வாக்குமூலம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். உள்ளே வந்து அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "உங்க கதையை அங்கயே போய்ச் சொல்லுங்க," என்று மெஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டாள். அந்த மெஷின் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

சில நாள் கழித்துத்தான் அந்தச் சீட்டுப் பேச்சு வந்தது. "முதலாளி வண்டி முன் சீட்டு அமுங்கிப் போச்சு. அவர்கிட்ட கேட்டுட்டேன். கழட்டிக் கொண்டு வரேன், பிரிச்சுப் பாரு."

"யாரை யாரை ஏத்திக்கிட்டுப் போனீங்களோ, அந்தச் சீட்டை நான் தொடணுமா? தொடமாட்டேன்."

"தைக்கக்கூட வேணாம். பிரிச்சு மட்டும் பாரு."

"வேற கடை இல்லையா ஊர்ல?"

அடுத்த மாதமும் கேட்டார். அப்போதும் அதே பதில். அதற்குப் பிறகு கடையிலிருந்து கருஞ்சிவப்பு நூல்கண்டு ஒன்று காணாமல் போனது. "அவளுக்கு ரவிக்கை தைக்கவா எடுத்துட்டுப் போனீங்க?" என்று மகள் முன்னாலேயே கேட்டாள். அந்த முரட்டு நூலில் ரவிக்கை தைத்தால் போட்டவள் தோல் உரிந்துவிடும். அது அவளுக்குத் தெரியும், அவள் கோபத்துக்குத்தான் தெரியவில்லை. அவர் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றால், "அவ மடியில தலை வெச்சுப் படுத்தா சுளுக்கத்தான் செய்யும்," என்பாள். மகளும் கேட்டுக் கேட்டு வளர்ந்தாள். விவரம் தெரிந்த வயதில் அப்பா என்று கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டாள்.

முதலாளி இறந்து, அவர் வீட்டார் வண்டியை விற்றுவிட, கணவர் ஒரேயடியாக வீட்டுக்கு வந்தபோது மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. கடையில் துணி வெட்டும் மேஜைமேல் படுத்துக்கொண்டார். அவள் பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். "சாப்பாடு இருக்கு." "ஷட்டரைப் போடுங்க." இவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மகள் வந்து, கட்டிலின் கால்பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். குஷனக்கா அழவில்லை. அழ என்ன இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் கேட்டாள்.

இந்த நிலையில்தான் பக்கத்து ஷெட்டுக்கு ஒரு பழைய கார் வந்தது. பல் டாக்டர் ஒருவர் காயலான் கடையிலிருந்து எடுத்து, புதுசு போல ஆக்கவேண்டும் என்று மெக்கானிக்கிடம் விட்டிருந்தார். மெக்கானிக் சீட்டுகளைக் கழற்றி அக்கா கடையில் போட்டுவிட்டு, பெயிண்ட் சுரண்டப் போய்விட்டான். சுரண்டச் சுரண்ட அங்கிருந்து குரல் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நீலத்துக்கு அடியில பச்சைக்கா!"

"எனக்கும் அதே கதைதான்டா தம்பி. ரெக்சினுக்கு அடியில ரெக்சின். ஒருத்தனும் பிரிச்சுத் தைக்கல. அழுக்குச் சட்டைக்கு மேல புதுச் சட்டை மாட்டுற மாதிரி மாட்டிவிட்டிருக்கானுங்க, சோம்பேறிப் பசங்க."

அந்தச் சோம்பேறிகளுக்கு அவள் கடன்பட்டிருக்கிறாள் என்பது அப்போது தெரியாது. மேல் உறை, அதற்கடியில் ஃபோம், அதற்கடியில் இன்னோர் உறை என்று உரித்துக்கொண்டே போனவள், கடைசியில் வண்டி பிறந்தபோது போட்ட தோல் உறையை எட்டினாள். முன் சீட்டு, மூன்று பேர் உட்காரும் நீள சீட்டு. தோலுக்கு மேலேயே கையை ஓட்டினாள். வழக்கம்போல வாய் சும்மா இருக்கவில்லை.

"டேய் தம்பி, இந்த வண்டியை ஓட்டினவன் ஓட்டினானா, குடித்தனம் நடத்தினானா? உட்கார்ந்த பள்ளம் இல்லடா இது. படுத்த பள்ளம்."

"படுத்ததா? அது எப்படிக்கா தெரியும்?"

"உட்கார்ந்தா வட்டமா இறங்கும். இது நீளத்துக்கு இறங்கியிருக்கு. இங்க தோள், இங்க இடுப்பு, இந்தா முழங்கால். ஒருக்களிச்சுப் படுத்திருக்கான், சுருண்டு. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்ல, பல வருஷம் படுத்தாத்தான் உள்ள இருக்கிற நார் இப்படிக் கட்டி தட்டும். வீட்டுல விரட்டி விட்டுட்டா போல, பாவம்."

மெக்கானிக் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கதவுப் பக்கத்து ஓரத்தைத் திருப்பினாள். அங்கே தோல் கிழிந்து, யாரோ கையால் தைத்திருந்தார்கள். கருஞ்சிவப்பு நூல். தையல் எல்லாம் வழக்கத்துக்கு மாறாக எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது, இடது கையால் தைத்தால் சாய்வது போல. நகத்தால் நூலைக் கீறினாள். நகத்தில் மெழுகு ஏறியது. தையல் முடியும் இடத்தைத் தேடி மடிப்பைப் பிரித்தாள். முடிச்சு உள்ளே தள்ளி மறைத்திருந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று.

"க்ரீம் கலர்க்கா!" என்று மெக்கானிக் கத்தினான். "எல்லாத்துக்கும் அடியில க்ரீம் கலர்!"

மரக்கடை முதலாளியின் வண்டி க்ரீம் கலர்.

அவள் எழுந்து ஷெட்டுக்குப் போனாள். முதலாளிக்குக் கால் சரியில்லை. அவர் கைத்தடியை மாட்டி வைக்க முன் கதவு ஓரத்தில் தானே ஒரு கொக்கி அடித்துக் கொடுத்ததாகக் கணவர் ஒரு காலத்தில், அவர்கள் பேசிக்கொண்டிருந்த காலத்தில், சொல்லியிருந்தார். "இந்த இடத்துல ஸ்க்ரூ ஓட்டை இருக்கான்னு பாருடா," என்றாள். மெக்கானிக் விரலால் தடவிப் பார்த்து, ஸ்க்ரூ டிரைவரால் குத்தினான். அடைத்து வைத்திருந்த பட்டிப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை.

"எப்படிக்கா கண்டுபிடிச்சே?"

அக்கா ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனதை மெக்கானிக் அன்றுதான் பார்த்தான்.

கடைக்கு வந்து பாதி ஷட்டரை இறக்கினாள். தோலை உரித்தாள். நார் மெத்தையில் அவர் இருந்தார். வேறு எப்படிச் சொல்வது? தோளும் இடுப்பும் மடக்கிய முழங்காலும் அச்சாகப் பதிந்திருந்தன. ஒரே ஒரு ஆள் படுத்த பள்ளம். பக்கத்தில் இன்னொருத்தி படுக்க ஒரு சாண் இடம் கிடையாது. அவள் இந்தத் தொழிலில் கற்றது எல்லாவற்றையும் வைத்துத் தேடிப் பார்த்தாள், இரண்டாவது ஆள் இல்லை. மெத்தையைத் தூக்கியபோது ஸ்பிரிங்குகளுக்கு நடுவிலிருந்து துருப்பிடித்த தைல டப்பா மூடிகள் உருண்டு விழுந்தன.

முதலாளியின் வண்டிக்குள் படுத்துத் தூங்கினான் என்பதற்காக முந்தைய டிரைவரை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர்தான் அதைச் சொல்லியிருந்தார். மரக்கடை ஆட்கள் நின்ற கூட்டத்தில் அவர் எப்படிச் சொல்வார்? வீட்டுக்குள் வந்து சொல்லியிருக்கலாம்தான். சொல்ல வந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் ஒருவேளை வெட்கப்பட்டிருப்பார், ஃபேன் வைத்த ரூம் என்று அளந்துவிட்டதை எந்த வாயால் திருத்துவது என்று. அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது என்பதும் அவருக்குத் தெரியும். அதனால்தான் வாயால் சொல்லாமல், அவள் எதை நம்புவாளோ அதைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றார். தைக்கக்கூட வேண்டாம் என்றார். இரண்டு முறை கேட்டார்.

குஷனக்கா தரையில் கிடந்த அந்த மெத்தையில் படுத்துப் பார்த்தாள். கனத்த உடம்பு; தோள் இறங்கிய இடத்தில் தோளை வைத்து, முழங்காலை மடக்கிக்கொண்டாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கழுத்து வலித்தது. எழுந்து உட்கார்ந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள். அப்போதுதான் அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் வராத அழுகையும் சேர்ந்து வந்தது.

அதோடு விட்டுவிட முடியாது. தான் மட்டும் வெறுத்திருந்தால் தானே சுமந்துவிட்டுப் போகலாம். மகளுக்கும் அல்லவா ஊட்டி வளர்த்தாள். போன் செய்து, ஒரு சீட்டைப் பார்க்க வேண்டும், வா என்றாள். "சீட்டைப் பார்க்கவா? உனக்கு என்னம்மா ஆச்சு?" என்று மகள் எரிந்து விழுந்தாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தாள்.

குஷனக்கா எதையும் மறைக்கவில்லை. நூலைக் காட்டினாள், முடிச்சைக் காட்டினாள், மூடிகளைக் காட்டினாள். பள்ளத்தில் மகளின் கையைப் பிடித்து வைத்து, இது தோள், இது இடுப்பு என்று சொன்னாள். மகள் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். திட்டியிருந்தால்கூடக் குஷனக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நான் ஸ்கூலுக்குப் போகும்போது வழியில நிப்பாரும்மா," என்றாள் கடைசியில். "தினமும் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாரு. 'அம்மா ராத்திரி நல்லாத் தூங்கினாளா?'ன்னு."

"நீ என்ன சொல்லுவே?"

"ஒண்ணும் சொல்லமாட்டேன். நீ பேசக் கூடாதுன்னு சொல்லியிருந்தியே. மூஞ்சைத் திருப்பிக்கிட்டுப் போயிடுவேன். அவரு மறுநாளும் நிப்பாரு."

மகள் அன்று சாப்பிடாமலே போய்விட்டாள். வாசல்வரை போய்த் திரும்பி, "அப்பா துணி ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை. அவர் இறந்த வாரமே குஷனக்கா எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்துவிட்டிருந்தாள், கடையில் இடத்தை அடைக்கிறது என்று.

சீட்டு டாக்டருடையது. பிரித்ததைத் தைத்துக் கொடுத்தாக வேண்டும். பழைய நாரை உதறிப் போட்டு, புது நார் வைத்து, ஸ்பிரிங்கை நிமிர்த்தி, கருஞ்சிவப்புத் தோலில் உறை போட்டாள். அந்தப் பள்ளத்தை அவள் கையாலேயே நிரப்பினாள். ஒவ்வொரு கை நாரை வைக்கும்போதும் கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி வைத்தாள். வேறு கடைக்கு அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தாள். ஒரு தடவை தொடமாட்டேன் என்று சொன்னது போதும் என்று அவளே செய்தாள்.

சீட்டை வண்டியில் மாட்டிய அன்று டாக்டர் வந்தார். க்ரீம் கலரில் வண்டி பளபளவென்று நின்றது. டாக்டர் முன்பக்கம் ஏறி உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்தார். முகமெல்லாம் பல்.

"பிரமாதம்மா! யாருமே உட்காராத சீட்டு மாதிரி இருக்கு. இதுக்கு முன்னாடி யாரு வெச்சிருந்த வண்டின்னு ஏதாவது தெரிஞ்சுதா? சீட்டைப் பார்த்தே எல்லாம் சொல்லிடுவீங்கன்னு மெக்கானிக் சொன்னானே?"

மெக்கானிக் ஆவலோடு பார்த்தான். அக்கா அந்தத் தொடாத சீட்டுக் கதையை எடுத்துவிடப்போகிறாள் என்று நினைத்தான். இத்தனை வருஷமாக எங்க வீட்டு ஆளு, அந்த ஆளு என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தவள், தோலின்மேல் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு ஓட்டின வண்டி சார்," என்றாள். "ராத்திரி இதுலதான் படுத்துக்குவாரு. நான் நல்லாத் தூங்கணும்னு."

"அப்படியா? அவர் இப்ப எங்க இருக்காரு? வரச் சொல்லுங்கம்மா, ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டும்."

"உசுரோட இருந்தப்ப ரெண்டு தடவை வந்தாரு சார், இந்தச் சீட்டைப் பிரிச்சுப் பாருன்னு," என்றாள் குஷனக்கா. "நான்தான் தொடல."